மலை இறங்கும்போது மட்டும் மறக்காதீர்கள்

சைக்கிளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. எனக்குப் பாதிதான் சம்மதம். ஹெல்மெட் போடச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பைக்குக்குத்தான், அப்படியே இருக்கட்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சைக்கிளில் மூட்டையோடு மெதுவாகப் போகிற பெரியவருக்கு அபராதம் போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஞாயிறு விடியலில் சைக்கிளில் ஏற்காடு மலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. ஏறும்போது நடக்கிற வேகம்தான். வியர்வை கண்ணில் இறங்கும், ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவோம், நானும் அந்த ரகம்தான். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு, மழை பெய்திருந்தால் சருகும் மண்ணும் வேறு. போன வருஷம் அப்படித்தான் வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட்டில் விரிசல் விட்டது, தலைக்கு ஒன்றுமில்லை. அப்புறம், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினதை ஒட்டிப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.