குதிரைக்கு அப்புறம்தான் கதாநாயகி

(ஞாயிறு மதியம். செல்வி கைப்பேசியில் ஒரு பழைய கவ்பாய் படத்தின் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்.)

அத்தை: யாரடி அது, தொப்பி போட்ட பொம்பளை?

செல்வி: டேல் எவன்ஸ், அத்தை. 1944இலிருந்து ரிபப்ளிக் கம்பெனி கவ்பாய் படங்களில் கதாநாயகி. எல்லாம் ஒரு மணி நேரம் சொச்சம் ஓடுகிற சின்னப் பட்ஜெட் படங்கள்.

அத்தை: கதாநாயகி பேரை இவ்வளவு பொடியாகவா போடுவார்கள்? மேலே கொட்டை எழுத்தில் இருப்பது யார்?

செல்வி: கதாநாயகன், ராய் ரோஜர்ஸ். அடுத்தது ட்ரிக்கர்.

அத்தை: வில்லனா?

செல்வி: குதிரை.

அத்தை: (கீரையைக் கீழே வைத்து) என்னது?

செல்வி: 'சினிமாவிலேயே கெட்டிக்காரக் குதிரை' என்று பட்டம் வேறு. அதற்கு அப்புறம் கேபி ஹேஸ் என்று ஒரு தாடிக்காரர், அவருக்கும் அப்புறம்தான் இவள்.

அத்தை: சரி, குதிரையாவது ஒழுங்காக ஓட்டினாளா?

செல்வி: அங்கேதான் கூத்து. டெக்ஸாஸ்காரி என்றால் சேணத்தோடு பிறந்திருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள், இவளும் தெரியும் என்று தலையாட்டிவிட்டாள், ஆனால் அவள் வானொலியில் பாடிக்கொண்டிருந்தவள். குதிரை ஒரு தாளத்தில் குதிக்க, இவள் இன்னொரு தாளத்தில் குதிக்க, இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு வானம் தெரிந்தது என்று ராய் கிண்டல் செய்தாராம்.

அத்தை: வாய்ப்புக்காக ஒரு பொய். போகட்டும்.

செல்வி: ஒன்றா? ஹாலிவுட்டுக்கு வந்தபோது வயது 28. ஏஜெண்ட் 21 என்று சொல்லச் சொன்னார். வீட்டிலோ பள்ளிக்கூடம் போகிற மகன். அவனைத் தம்பி என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை: நான் கல்யாண மண்டபத்தில் நாலு வயது குறைத்துச் சொன்னதற்கு எப்படிச் சிரித்தீர்கள்! நானாவது பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்றுதான் சொன்னேன்.

செல்வி: 1947 டிசம்பர் 31 அன்று ராயையே கல்யாணம் செய்துகொண்டாள். நிஜப் புருஷன் பெண்டாட்டி காதலிப்பதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கம்பெனி இவளைத் தூக்கிவிட்டு வேறு பெண்ணைப் போட்டது.

அத்தை: குதிரையையும் தூக்கினார்களா?

செல்வி: குதிரை கல்யாணம் செய்துகொள்ளவில்லையே! ஆனால் ரசிகர்கள் விடவில்லை, இவள்தான் வேண்டும் என்று கேட்டார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். 1951இல் இருவரும் டிவி தொடருக்கு வந்தார்கள், அதில் இவளுக்கென்று தனிக் குதிரையே இருந்தது.

அத்தை: அப்படிச் சொல்லு! அந்தக் குதிரைகள் எல்லாம் என்ன ஆயின?

செல்வி: செத்த பிறகு தோலைப் பதப்படுத்தி, உயிரோடு நிற்பது போலவே மியூசியத்தில் நிறுத்தியிருந்தார்கள். 2010இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். ட்ரிக்கர் 2,66,500 டாலருக்குப் போனது. இவள் குதிரைக்குக் கிடைத்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

அத்தை: அடப்பாவிகளா, அங்கேயும் கடைசிதானா? அதற்குப் பேர் என்ன?

செல்வி: பட்டர்மில்க்.

அத்தை: மோரா?

செல்வி: மோர்தான்.

அத்தை: (கீரையைத் திரும்ப எடுத்து) மோருக்கு அந்த விலையே ஜாஸ்தி.