நாம, நாங்க, இன்னா

ஒன்றரை வருஷமாக ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் ஒரு தோழியோடு வீடியோ காலில் அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் இங்கிலீஷ். மாமியாரோடு பேச அவருக்குத் தமிழ் வேண்டும். சென்னை ஹார்பர் பக்கத்தில் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு, போனில் தடுமாறாமல் பேச இங்கிலீஷ் வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். சொந்தத் தமிழைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் என் அம்மா காலில் எட்டிப் பார்த்து, தோழியிடம் "சாப்டியாம்மா?" என்று கேட்டார். தானும் கணவரும் சாப்பிட்டாயிற்று என்பதைத் தோழி சந்தோஷமாக, "நாம சாப்பிட்டோம்" என்று சொன்னார். "நான் இன்னும் சாப்பிடலையே" என்றார் அம்மா. என்ன தப்பு என்று தோழி என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம, விட்டுவிட்டால் நாங்க. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதை நான் பிறந்ததிலிருந்து தப்பாகச் சொன்னதில்லை, ஏன் என்று யோசித்ததும் இல்லை.

அவர் பக்கமும் இதே கதைதான். பொட்டலம் கட்டுவதற்கான 'பேக்'கை நான் சொன்னால், அவர் காதில் முதுகைக் குறிக்கும் 'பேக்' விழுந்தது. பல வாரம் இருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு நாள் பில் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவரையும் அப்படியே செய்யச் சொன்னேன். குண்டூசிக்கான 'பின்' என்றார், அவர் காகிதம் துள்ளியது. சுற்றுவதற்கான 'ஸ்பின்' என்றார், அசையவே இல்லை. என் காகிதம் இரண்டுக்கும் அசையவில்லை. தன் வாயிலிருந்து அந்தக் காற்று வருவது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். தாய்மொழிக்காரரின் காதுக்குக் கேட்காதது, கற்றுக்கொள்கிறவருக்குத்தான் உறைக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொன்று. முதல் சில மாதம் அவரிடம் 'நல்ல தமிழ்' மட்டுமே பேசினேன். ஒரு நாள் கீழே இருந்து நண்பன், "இன்னா நைனா, நாஸ்தா துன்ட்டியா?" என்று குரல் கொடுத்தான். 'இன்னா' என்றால் என்ன என்றார் தோழி. அது தப்பான தமிழ், கற்றுக்கொள்ளாதீர்கள் என்றேன். யார் பேசுவார்கள் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும்தான் என்றேன். "அப்போ எப்படித் தப்பு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் நோட்டில் எழுதத் தொடங்கினார். மற்ற ஊர்க்காரர் 'வந்துகிட்டு' என்கிற இடத்தில் நாங்கள் 'வந்துகினு' என்கிறோம். பார்த்துகினு, இட்டுகினு, எல்லாம் ஒரே ஒழுங்கு. இரண்டுமே 'கொண்டு' தேய்ந்து வந்தவை. ஒன்றுக்கு மரியாதை, மற்றதற்குக் கேலி. 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் இது. ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் பிழைக்க வந்தவர்கள் வாயோடு கொண்டுவந்த சொற்கள் எங்கள் வாயில் இருக்கின்றன. நைனா தெலுங்கு. நாஸ்தாவும் கலீஜும் உருது வழி. துட்டு டச்சுக்காரர் காசின் பெயர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? லீட்ஸ் பக்கம் 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நௌட்' என்பார்களாம். அப்படிப் பேசியதற்காகத் தன் பாட்டி பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினார் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது. எனக்கு என் ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

நம் பிள்ளைகள் 'இன்னா' என்றால் தயவுசெய்து அடிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். பரீட்சைக்கு வேறு தமிழ் வேண்டும் என்றால் அதையும் சொல்லிக்கொடுங்கள், சரி. வீட்டில் பேசுவது அசிங்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆபீஸ் எதிரில் டீக்கடையில் உத்தரப் பிரதேசத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். "அண்ணா, டீ வரா" என்பான். கடையே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். போன வாரம் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். இந்தியில் டீ பெண்பால், அண்ணா, தண்ணி ஆண்பால் என்றான். தமிழில் இரண்டுமே 'அது' என்றேன். இன்னொரு டீ குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.