மூன்று நொடிக்குள் ஒரு கூடை

சோவியத் கூடைப்பந்து வீராங்கனை உல்யானா செம்யோனோவாவைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும், "ஏழடி உயரம் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?" என்கிறார்கள். இந்த வாரம் ஒரு நண்பரும் அதையே சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

உயரத்தை நான் மறுக்கவில்லை. 2.13 மீட்டர். கூடை வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். எம்பிக் குதிக்கவே வேண்டாம், கையைத் தூக்கினாலே வளையத்தை நெருங்கிவிடலாம். ஆனால் அங்கே போய் நிற்க விட வேண்டுமே!

எதிரணியின் கூடைக்கு அடியில் கோடு போட்ட ஒரு பகுதி உண்டு. தன் அணியிடம் பந்து இருக்கும்போது யாரும் அதற்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. உயரமானவர்கள் கூடையடியிலேயே குடியிருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. அவர் ஆடிய காலத்தில் சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பகுதி சரிவக வடிவில், எல்லைக்கோட்டருகே 6 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்போடு அதற்குள் நுழைய வேண்டும், முதுகில் முட்டுகிறவரைத் தாங்கிக்கொண்டு இடம்பிடிக்க வேண்டும், உயரே வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்தை மார்புக்கு இறக்கினால் போச்சு, குள்ளமானவர்கள் தட்டிப் பறித்துவிடுவார்கள். தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு திரும்பிக் கூடையில் போட வேண்டும். எல்லாம் மூன்று நொடிக்குள். பழைய காணொளிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கைகளைத்தான். பந்து ஒருமுறை அவற்றுக்குள் போய்விட்டால் கீழே இறங்குவதில்லை.

1952-ல், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த லாத்வியாவின் தாவ்கவ்பில்ஸ் நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வீட்டை விட்டுத் தலைநகர் ரீகாவுக்கு வந்து டி.டி.டி. ரீகா அணியில் சேர்ந்தார். டிராம், டிராலிபஸ் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம்தான் அந்த டி.டி.டி. ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை 1960-லேயே வென்ற அணி அது. 1982-க்குள் 18 முறை வென்றது. உயரத்தை மட்டும் நம்பி ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. 16 வயதில் அவர் சோவியத் அணிக்காக ஐரோப்பியப் பட்டம் வென்றுவிட்டார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது 1976-ல், மான்ட்ரியாலில். அமெரிக்காவை சோவியத் அணி 112-77 என்று தோற்கடித்த ஆட்டத்தில் இவர் 32 புள்ளிகள், 19 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். மாஸ்கோவில் 1980-ல் மறுபடியும் தங்கம். அமெரிக்கா வராத ஒலிம்பிக் அது என்பது உண்மைதான். ஆனால் 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அமெரிக்கா வந்திருந்ததே! 84-82 என்று வென்றது சோவியத் அணிதான். இரண்டே புள்ளிகள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அரசு புறக்கணித்ததில் இவருடைய மூன்றாவது ஒலிம்பிக் வாய்ப்பு போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தொழில்முறை வீராங்கனையாக வெளிநாட்டில் ஆடியது எப்போது தெரியுமா? 1987-ல், 35 வயதில். ஸ்பெயினில் ஒரு பருவம், பிரான்ஸில் ஒரு பருவம், அவ்வளவுதான். மற்றவர்கள் முழங்கால் வலியோடு விடைபெறும் வயதில் அவருக்குக் கதவு திறந்தது. பிறகு நாடு திரும்பி, முன்னாள் ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் லாத்விய நிதியத்துக்குத் தலைமை தாங்கினார்.

1993-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள, இந்த ஆட்டத்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கர் அல்லாத பெண் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதே ஆண்டு சேர்க்கப்பட்டவர்களில் ஆன் மையர்ஸும் இருந்தார். 1976-ல் அந்த 112-77 ஆட்டத்தில் தோற்ற அமெரிக்க அணியில் ஆடியவர் அவர்.