புதரை வழித்துவிட்டு மரம் நடுகிறவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்க ஊர்ப் பொத்தை (சின்னக் கற்குன்று) அடிவாரத்தில் ஜேசிபியை விட்டு ஆவாரை, விராலி, காரை எல்லாவற்றையும் வழித்தெடுத்து, வரிசையாகப் புங்கங்கன்று நட்டு, ‘முட்புதரை அகற்றிப் பசுமையாக்கினோம்’ என்று கைதட்டுகிறார்கள். ஏற்கெனவே பச்சையாகத்தானே இருந்தது என்று கேட்டேன். ‘புதருக்கு வக்காலத்தா, நீங்க எத்தனை மரம் நட்டீங்க?’ என்று ஒரு தம்பி பதில் போட்டார், அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

புதர்க்காடும் காடுதான்.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு மலைக்குப் போய்ப் பாருங்கள். 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவித்த இடம், 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுதான். அங்கே விராலியும் முள்ளும்தான் பெரும்பாலும். வெட்டவெளியில் கண்ணையும் காலையும் நம்பிப் பிழைக்கிற மான் அது, நெருக்கி மரம் நட்டால் எங்கே ஓடும்?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் மட்டும் துளையுள்ள மகரந்தப் பைக்குள் அடைந்து கிடக்கும். அந்தப் பெரிய கருவண்டு, தச்சுத் தேனீ என்பார்களே, அது பூவைக் கவ்விக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிரவிடும். மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். காலையில் செடிப் பக்கம் நின்றால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும். இலையைப் புரட்டினால் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு. பொங்கலுக்குக் காப்புக் கட்ட எங்க ஆச்சி அந்தப் பொத்தைக்குத்தான் என்னை அனுப்புவாள், ‘கொப்பை முறிச்சிராதல, பூவை மட்டும் கிள்ளு’ என்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு படித்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அப்போ சீமைக் கருவேலத்தையும் விட்டுவிடலாமா என்பீர்கள். அதை எடுங்கள், வேரோடு எடுங்கள், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனால் ஜேசிபிக்கு எது கருவேலம், எது ஆவாரை என்று தெரியுமா? கைக்கருவி வைத்துப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய வேலை அது. பாம்பு அடையும் என்கிறார்கள். அடையட்டும், அதன் வீடு அது. மரம் நட்டால்தான் மழை வரும் என்பவர்களோடு பேசத் தெம்பில்லை.

மரம் இல்லாத இடத்தையெல்லாம் தரிசு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கௌதாரி முட்டையிடுவது தரையில், ஆடு மேய்வது அங்கே, சூரைப்பழமும் களாப்பழமும் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள் நாம், அதைப் போய்க் குப்பை என்று சொல்ல எப்படி மனது வருகிறது?

அடுத்த ஞாயிறு இன்னொரு பொத்தைக்குப் போகிறார்களாம். போவதற்கு முன்னால் அங்கே ஆடு மேய்க்கிற அண்ணாச்சியிடம் எது என்ன செடி, எப்போது பூக்கும் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்திலோ ரோட்டோரத்திலோ மரம் நடுவதானால் சொல்லுங்கள், மண்வெட்டியோடு வருகிறேன். பொத்தையை விட்டுவிடுங்கள்.