"ஒவ்வொருத்தரா வாங்க, பேசலாம்"

மூன்று நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் கோபமாக வரும். கோபமாக எழுதினால் "மேடம், நீங்களுமா?" என்று இன்பாக்ஸில் நாலு பேர் வருவார்கள். நேற்று இரவு அந்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வரின் பதிவையும் அதன் கீழே விழுந்திருந்த இதயங்களையும் பார்த்தபிறகு தூக்கம் வரவில்லை. அதில் மூன்று இதயங்கள் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள் போட்டது.

எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியும். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். ஒரு தனியார் கல்லூரியின் போர்ட்டிகோ படியில், மூன்று மாதச் சம்பளம் வராத பதினொரு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாளாளர் காரிலிருந்து இறங்குகிறார். கத்தவில்லை, திட்டவில்லை. சிரித்துக்கொண்டே கை கூப்பி, "எதுக்கு இப்படிக் கூட்டமா? ஒவ்வொருத்தரா ரூமுக்கு வாங்க, பேசலாம்" என்கிறார். நம் முன்னாள் முதல்வர் அதற்குத்தான் உருகியிருக்கிறார். என்ன நிதானம், என்ன பண்பு, ஒரு குடும்பத் தலைவரைப் போல என்று. கடைசியில், "பேசத் தயாராக இருப்பவரிடம் போய்ப் படியில் உட்காருவது ஆசிரியருக்கு அழகா?" என்று ஒரு கேள்வி வேறு.

ஐயா, அவர் பேசத் தயாராக இல்லை. ஒவ்வொருத்தராக வரச் சொன்ன இடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. பதினொரு பேர் சேர்ந்து நின்றால் அவர்களுக்கு என்று ஒரு கோரிக்கை இருக்கும். அதே பதினொரு பேர் தனித்தனியாக அந்த அறைக்குள் போனால் பதினொரு வீட்டுக் கஷ்டம்தான் இருக்கும். ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்குப் பிஎச்டி வைவா பாக்கி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது எல்லாமே தெரியும். இந்தப் பக்கம் இருப்பவருக்கோ பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதுகூடத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2012-ல் எம்ஃபில் முடித்த கையோடு அரசுப் பணம் இல்லாமல் மாணவர் கட்டணத்தில் நடக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். மாதம் 9,000. மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த மே மாதம்தான் வெயிலில் வீடுவீடாகப் போய் ஆளுக்கு ஐந்து அட்மிஷன் பிடித்து வர வேண்டும். பதினான்கு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். மே மாதச் சம்பளமும் வருடாந்திர இன்க்ரிமென்ட்டும் வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. முதல் கையெழுத்து யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லோரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். அது ஆங்கிலத் துறை சார் ஒருவரின் யோசனை. காலேஜ் பசங்களைப் போலச் சிரித்துக்கொண்டே போட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது. டீ கொடுத்தார்கள். "நீ நல்லா கிளாஸ் எடுக்கிறேன்னு பசங்க சொல்றாங்கம்மா. உனக்கு மட்டும் ஆயிரம் ரூபா கூட்டித் தரச் சொல்லியிருக்கேன். வெளியே சொல்லாதே, மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கும்." அப்புறம், ஏதோ ஞாபகம் வந்தது போல, "அந்த லெட்டரை யாரும்மா எழுதினது?" நான் தெரியாது என்றேன். அது வரைக்கும் சரி. வெளியே வந்ததும் வராண்டாவில் நின்றவர்கள் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "பார்க்கலாம்னு சொன்னார்" என்றேன்.

அந்த ஆயிரம் ரூபாயை நான் வாங்கினேன். இதை இங்கே முதல்முறையாக எழுதுகிறேன்.

"உனக்கு மட்டும்" என்பது பதினான்கு பேரில் ஆறு பேருக்குக் கிடைத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மீதி எட்டுப் பேருக்கு ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. அடுத்த ஜூனில் அந்த ஆங்கிலத் துறை சாருக்கு வொர்க்லோடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலையில் சேரும்போது வாங்கி வைத்திருந்த அவருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திருப்பித் தரவே மூன்று மாதம் அலைய விட்டார்கள். கடிதத்தை எழுதியவர் யார் என்று எப்படித் தெரிந்தது? பதினான்கு பேரைத் தனித்தனியாகக் கேட்டால் ஒருவராவது சொல்லாமலா இருப்பார்?

எனவே "ஒவ்வொருத்தரா வாங்க" என்பதில் இருக்கும் பண்பைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் "12(3)" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தொழில் தகராறு சட்டத்தின் அந்தப் பிரிவின்படி நிர்வாகமும் சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடும் ஊதிய ஒப்பந்தம் அது. ஒப்பந்தம் தள்ளிப்போனால் அப்பா எரிச்சலாக இருப்பார், சங்கத்துக்காரர்களைத் திட்டுவார். ஆனாலும் எம்.டி. ரூமுக்குத் தனியாகப் போய் "எனக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று கேட்க வேண்டும் என அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா சொன்னது: "பாப்பா, இனி உனக்கு யூனியன் கீனியன் எதுவும் தேவைப்படாது, நீ ப்ரொபசர்." பெருமையாகத்தான் சொன்னார். அந்த வருடம் தீபாவளிக்கு அவருடைய ஓய்வூதியத்தில்தான் எனக்குப் புடவை வந்தது. அன்றைய போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு என்றும் அதே சட்டம்தான் சொன்னது.

இந்த வேடிக்கையை இன்னும் கொஞ்சம் பாருங்கள். 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்றத்தின் ஏழு பேர் அமர்வு, தொழில் தகராறு சட்டத்தின் பார்வையில் கல்வி நிறுவனமும் ஒரு 'தொழில்'தான் என்றது. சரி. பத்து வருடம் கழித்து 1988-ல் சுந்தரம்பாள் வழக்கில், ஆசிரியர் மட்டும் 'தொழிலாளி' ஆக மாட்டார், அவர் செய்வது உன்னதமான பணி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது கல்லூரி பஸ்ஸை ஓட்டுபவர் தொழிலாளி. ஆபீஸில் கட்டண ரசீது போடுபவர் தொழிலாளி. அந்தக் கட்டணத்துக்காகப் பாடம் நடத்துபவர் மட்டும் உன்னதம். டிரைவரை நாளைக்கு வரவேண்டாம் என்றால் அவர் அந்தச் சட்டத்தின் கீழ் லேபர் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. உன்னதமானவருக்கு அந்த கோர்ட் படியில் இடமில்லை. பணிக்கொடைக்கே (கிராஜுவிட்டி) இப்படித்தான் நடந்தது. அந்தச் சட்டத்தில் ஆசிரியர் 'பணியாளர்' இல்லை என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்து செல்லும் என்று எழுத வேண்டியதாயிற்று. அதையும் எதிர்த்துத் தனியார் பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-ல் தோற்றன. ஆசிரியருக்குப் பணிக்கொடை தராமலிருக்க அத்தனை வருட வழக்கு!

சங்கம் வைக்கக் கூடாதா என்றால், வைக்கலாம். அரசியலமைப்பே அந்த உரிமையைத் தருகிறது. அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் கூட்டுப்பேர உரிமை, அதாவது சேர்ந்து உட்கார்ந்து பேரம் பேசும் உரிமை, அடங்காது என்று 1961-லேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு என்று 2020-ல் ஒன்று கொண்டுவந்தார்களே, அதில் 'தொழில்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலிருந்து, அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை வெளியே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் எந்தக் கல்லூரி அறக்கட்டளைப் பெயரில் இல்லாமல் இருக்கிறது? இனி பஸ் டிரைவரும் உன்னதமாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது வரிசையாக வருவீர்கள் என்று தெரியும்.

"மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள்." மூன்று மாதச் சம்பளம் வராதவர் நடத்தும் வகுப்பில் மாணவர் பாதிக்கப்படவே இல்லையா? ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிப் பட்டியல்களில் இருந்தது என்று 2024-ல் வெளியே வந்தபோது மாணவர்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர்? விடுங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே." ஒரிஜினலைக் கொடுக்கச் சொல்லுங்கள், போகிறோம்.

"நிர்வாகத்திடம் பணமில்லை, அட்மிஷன் குறைந்துவிட்டது." இதில் உண்மை இருக்கலாம். மறுக்கவில்லை. பல கல்லூரிகளில் இருக்கைகள் காலியாக இருப்பதை நானே பார்க்கிறேன். அப்படியென்றால் பதினொரு பேரையும் உட்கார வைத்து, இதுதான் வரவு, இதுதான் செலவு, இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் மீதி என்று சொல்லலாமே. ஏற்றுக்கொள்ளக்கூடியவர்கள்தான் அவர்கள். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் கமிட்டி வரும்போது ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஃபைல் தைத்தவர்கள். கணக்கைப் பதினொரு பேர் முன்னால் காட்ட வேண்டும் என்பதில்தான் சிக்கல். தனியறையில் யாருக்கும் எந்தக் கணக்கையும் காட்ட வேண்டியதில்லை.

"சங்கம் என்றாலே அரசியல்." இதற்குப் பதில் எழுத ஆரம்பித்து இரண்டு முறை அழித்துவிட்டேன். ஏனென்றால் என் கோபமே அங்கேதான் இருக்கிறது. இந்த மாநிலத்தில் கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து நின்று சாதிக்காமலா இருந்தார்கள்? ஒருகாலத்தில் தனியார் கல்லூரி ஆசிரியரை நினைத்தால் நீக்கலாம், சம்பளப் பட்டுவாடாவில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கி இன்னொரு தொகையைக் கையில் கொடுக்கலாம் என்று இருந்தது. ஏயூடி, மூட்டா என்று கல்லூரி ஆசிரியர் சங்கங்களாகச் சேர்ந்து நம் அப்பா காலத்து ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1976-ல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்று எழுதினார்கள். இன்றைக்கு அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதியம் வாங்குவதற்குப் பின்னால் அந்தக் காலத்து ஊர்வலங்கள் இருக்கின்றன. நம் முன்னாள் முதல்வரின் ஓய்வூதியத்துக்குப் பின்னாலும்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. படியில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்த ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு, படியில் உட்காருவது அழகா என்று கேட்கிறார். அவர் ஒருவர் மட்டுமா? ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம், காலையில் எடுப்பவர் நிரந்தரம், மதியம் எடுப்பவர் சுயநிதிப் பிரிவு. சம்பளத்தில் பத்து மடங்குகூட வித்தியாசம் வரும். காலைக்காரர்களின் சங்கக் கூட்டத்துக்கு மதியக்காரர்களைக் கூப்பிட்டதுண்டா? அரசுக் கல்லூரிகளிலும் இதே கதைதான். நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. இங்கே கொடுத்து வந்தது 25,000. அதுவும் பதினொரு மாதத்துக்கு. பெயரில் மட்டும் கௌரவத்தைக் கொடுத்துவிட்டோம். அவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் போய் அரைமணி நேரம் கூட உட்கார்ந்தார்கள்? நானும் போகவில்லை. இன்டர்னல் மார்க் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தேன். எனவே சங்கத்தில் அரசியல் இருக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த அரசியலில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று எனக்குத் தெரியும்.

"வெளிநாட்டில் இப்படியெல்லாம் பேராசிரியர்கள் செய்வார்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், தம்பி. பாடம் நடத்தும் ஆராய்ச்சி மாணவர்கள், பிஎச்டி முடித்து ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்குகள் எல்லோரும். ஐந்தாறு வாரம் நடந்தது. ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தினார்கள். அங்கே யாரும் 48,000 பேரை ஒவ்வொருத்தராக ரூமுக்குக் கூப்பிடவில்லை.

இன்னொன்று. ஆசிரியருக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பதிவில் ஒரு வரி வருகிறது. 1918-ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, அதன் தலைவர் பி.பி.வாடியாவோடு நின்ற திரு.வி.க. யார்? வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். ஐயாவும் தமிழ்த்துறை என்பதால் சொல்கிறேன்.

நேற்று மதியம் அந்தப் பதினொரு பேரில் ஒரு பெண் போன் செய்தாள். என்னிடம் படித்தவள். "அக்கா, திங்கட்கிழமை பதினொன்றரைக்கு எனக்கு டைம் குடுத்திருக்காங்க. நான்தான் முதல் ஆள். போகட்டுமா?" என்றாள். தனியாகப் போகாதே என்றேன். "மத்தவங்க போனா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆயிரம் ரூபாய்க் கதையை அவளிடம் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிக்கா, எல்லாரையும் கேட்டுப் பார்க்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

கமென்ட்டில் திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள். கல்லூரியின் பெயரையோ அந்தப் பதினொரு பேரில் எவர் பெயரையோ தயவுசெய்து எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். அவர்களுடைய ஒரிஜினல் எல்லாம் இன்னும் அந்த ஆபீஸ் பீரோவில்தான் இருக்கிறது.