வியாழக்கிழமை வெள்ளையடிக்கும் மனிதர்

"ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி, எதுவும் சொன்னா கண்டுக்காதே" என்று எச்சரித்துத்தான் மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். சேலம் குகையில், தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல் சினிமா பேனர் போட்டவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை.

படியேறியதும் வாங்க, உட்காருங்க எதுவும் இல்லை. பழைய பைனாகுலர் ஒன்றைக் கையில் திணித்து, "திருப்பிப் பிடிங்க கண்ணு" என்றார்.

எதிர்ச்சுவர் முழுக்க ஏதோ வரைந்திருந்தது. வெறும் கண்ணுக்குப் பச்சையும் ஊதாவும் ரோஸும் திட்டுத் திட்டாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாத் திட்டும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஒரு அம்மாவின் முகமானது. அந்தத் தெருவில் கீரை விற்கிறவராம். கணக்கில் ரெண்டு ரூபாய் இடிக்கிறது என்று யோசிக்கிற முகம். கன்னத்துப் பச்சை நிழலாகிவிட்டது, மூக்கோரத்து ஊதா வியர்வையாகிவிட்டது.

"முகம் எட்டடி, ரூம் பத்தடி. தள்ளி நின்னு பாக்க இடம் எங்கே இருக்குது? அதான் இது."

பேனர் என்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்காக வரைவது. சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவார்கள். முகம் மட்டும் மாஸ்டர் கை. சட்டை, சேலை, பின்னால் இருக்கும் மலை எல்லாம் பையன்கள். படம் தூக்கியதும் அதே துணியில் வெள்ளை அடித்து அடுத்த படம் போடுவார்கள். ரொம்ப நைந்துபோனால் கூரைக்கு மேலே தார்ப்பாய். 2000க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது, பட்டறைகள் மூடின. இந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

இவர் மட்டும் நிறுத்தவில்லை. ஆயில் பெயின்ட் நெடி வீட்டம்மாவுக்கு ஆகாது என்பதால் சுவருக்கு அடிக்கும் டிஸ்டம்பரில் ஸ்டெயினர் சாயம் கலந்து, வாரம் ஒரு முகம் சுவரில் போடுகிறார். வியாழக்கிழமை சாயங்காலம் அதன்மேல் வெள்ளையடித்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை புதுப்படம் இல்லையா?

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் சுவர் பெயர்ந்திருந்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை, ரோஸ், வெள்ளை, நீலம், வெள்ளை, மறுபடி பச்சை என்று அடுக்கடுக்காக, வெங்காயம் மாதிரி. "வருஷா வருஷம் ரூம் சின்னதாயிட்டு வருதுங்க" என்றார் வீட்டம்மா, தட்டுவடை செட்டை நீட்டியபடி. சிரிக்காமல் சொன்னார்.

இதைப் பார்த்ததும் நம்மைப் போன்ற ஆட்கள் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். "ஐயா, ஒரு கேன்வாஸில் போடுங்களேன், கண்காட்சி வைக்கலாம்" என்றேன். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் கூட பம்பாயில் சினிமா பேனர் வரைந்துதான் பிழைத்தார் என்று என் அறிவையும் எடுத்து விட்டேன்.

"அவரு நிறுத்திட்டாரில்ல?" என்றார்.

விடாமல், மாடர்ன் தியேட்டர்ஸைப் பாருங்கள் என்றேன். டி.ஆர். சுந்தரம் இந்த ஊரில் கட்டிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் அங்கேதான் உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. பாதுகாக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு சின்னப் பிரசங்கம்.

"வளைவத்தான் பாதுகாத்து வெச்சிருக்கீங்களே. உள்ளே யாராச்சும் படம் எடுக்கறாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கூட மனுஷன் பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஆடி மாதத்து வண்டி வேடிக்கை ஞாபகம் வந்தது. இதே குகையில் மாரியம்மன் பண்டிகைக்கு ஆட்கள் சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் ஏறி வருவார்கள். நாள் கணக்கில் உழைத்து, காசைக் கொட்டி, ஒரே ஒரு ராத்திரி. விடிந்தால் சிவனும் முருகனும் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார்கள். யாராவது அவர்களிடம் போய், "ஏன் கலைக்கிறீர்கள், மியூசியத்தில் வைக்கலாமே" என்று கேட்டிருக்கிறோமா? ஊரே சேர்ந்து செய்தால் திருவிழா, ஒருத்தர் தனியாகச் செய்தால் கிறுக்கு என்கிறோம். இதையே ஒருவர் பெருநகரத்துக் கலைக்கூடத்தில் செய்திருந்தால் அதற்கு நாமே நாலு பக்கம் விளக்கம் எழுதியிருப்போம். இவர் லுங்கியோடு குகையில் செய்வதால் "ஒரு மாதிரி".

அதற்காக அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கீரைக்கார அம்மா இந்நேரம் வெள்ளைக்கு அடியில் போயிருப்பார் என்று நினைத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது. வாரம் ஒரு டப்பா டிஸ்டம்பர் வாங்குவது அந்த வீட்டுக்குச் சின்னச் செலவும் இல்லை. ஃபோட்டோ எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். எடுத்தேன், அவரும் தடுக்கவில்லை. "முதல்ல பாத்துட்டு எடுங்க" என்று மட்டும் சொன்னார். இங்கே போட மனசு வரவில்லை.

கிளம்பும்போது வீட்டம்மா கண் ஜாடை காட்டி மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். சிமென்ட் தொட்டியின் மேல் ஒரு பழைய பேனர் துணி, நாலு பக்கமும் செங்கல் வைத்து மூடியிருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போய், யாரோ ஒரு கதாநாயகனின் காதும் காலரும் மட்டும் மிச்சம். இது ஒன்றையாவது இவருக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்றார். நான் குனிந்து அந்தக் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படியேறி வந்த பெரியவர் பின்னாலிருந்து சொன்னார்:

"அது நான் போட்டதில்ல கண்ணு. பையன் போட்டது. காது இவ்ளோ மேலயா இருக்கும்?"