ஸ்விட்ச் நட்டை விடுங்கள், ரெகுலேட்டரைத் திருகுங்கள்

"ஸ்ப்ரே கன்னுக்குக் காத்து பத்தலைன்னா பிரஷர் ஸ்விட்ச் மூடியைக் கழட்டி ஸ்பிரிங் நட்டை இறுக்குங்க, மிஞ்சினா சேஃப்டி வால்வு பாத்துக்கும்" என்று ஏர் கம்ப்ரசர் வைத்து பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள்.

அந்தப் பெரிய நட்டு, மோட்டார் எப்போது நிற்க வேண்டும், எப்போது திரும்ப ஓட வேண்டும் என்பதைத்தான் மாற்றும். கம்ப்ரசரின் காற்று டேங்கில் உள்ள தகட்டில் 8 பார் அழுத்தம், அதாவது சுமார் 116 பிஎஸ்ஐ, என்று அடித்திருந்தால் டேங்குக்கு அதுதான் எல்லை. சேஃப்டி வால்வு கடைசிக் காவல், தினப்படி வேலைக்கு இல்லை. தண்ணீர் தேங்கி உள்ளே துருப்பிடித்த டேங்க் என்றால் கேட்கவே வேண்டாம்.

கன்னுக்குப் போகும் அழுத்தம் ரெகுலேட்டர் கையில். டிரிக்கரை அழுத்திக் காற்று ஓடும்போதே முள்ளைப் பார்த்து வையுங்கள். சும்மா இருக்கையில் 40 பிஎஸ்ஐ காட்டும் முள் அழுத்தினதும் 30க்கு இறங்கும். இது தெரியாமல் ஒரு பீரோ கதவையே ஆரஞ்சுத் தோல் மாதிரி அடித்து வைத்தேன். குறைக்கும்போது வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கிவிட்டு, மெல்ல ஏற்றுங்கள்.

அப்படியும் பத்தவில்லையா? கன் கேட்கும் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற அளவு, உங்கள் கம்ப்ரசரால் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். 24 லிட்டர் சின்ன மெஷினில் பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.